செரனேட் என்றொரு பெயர்

1878 ஜனவரி 4ஆம் தேதி பிராகு நகரில் அன்டோனின் துவோர்ஷாக் ஒரு புதிய படைப்பை எழுத உட்கார்ந்தார். 18ஆம் தேதி முடித்துவிட்டார். இரண்டு ஓபோ, இரண்டு கிளாரினெட், இரண்டு பஸ்ஸூன், மூன்று ஹார்ன். அடியில் தாங்குவதற்கு ஒரு செல்லோவும் ஒரு டபுள் பாஸும். ஆள் கிடைத்தால் சேர்த்துக்கொள்ள ஒரு கான்ட்ராபஸ்ஸூன். ஊதுகருவிகளுக்காக ரொமான்டிக் காலம் விட்டுச்சென்ற படைப்புகளில் இன்றும் அடிக்கடி மேடையேறுவது இது. அதற்கு அவர் இட்ட பெயர் செரனேட்.

அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு நிலவு, ஒரு மாடத்துச் சாளரம், கீழே கித்தாரோடு ஒரு காதலன் என்று மனம் படம் போட்டுக்கொள்கிறது. துவோர்ஷாக்கின் இசை அந்தப் படத்தைச் சட்டை செய்வதில்லை. டி மைனரில், ஊன்றி வைக்கும் காலடிகளோடு, சற்றே பழங்கால மிடுக்கோடு பத்துப் பன்னிரண்டு பேர் தெருவில் நடந்து வருவதுபோல் தொடங்குகிறது. ‘மிதமான வேகம், அணிநடை மாதிரி’ என்பது முதல் பகுதிக்கு அவர் எழுதிய குறிப்பு. காதலியும் இல்லை, கித்தாரும் இல்லை, பாட்டும் இல்லை. பிறகு ஏன் இந்தப் பெயர்? படைப்பைக் கேட்டு விடை தேடுவதைவிடச் சொல்லைத் தொடர்ந்து போனால் கூடுதலாகக் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

இலத்தீனில் செரேனுஸ் என்றால் மேகமில்லாதது, தெளிந்தது என்று பொருள். முதலில் வானத்துக்குச் சொல்லப்பட்டது. பிறகு கலங்காத முகத்துக்கும் மனத்துக்கும் வந்தது. அங்கிருந்து அதிகாரத்துக்கும் ஏறியது. பிற்கால ரோமப் பேரரசர்களின் பட்டங்களில் இந்தச் சொல் உண்டு. வெனிஸ் குடியரசு தன்னை ‘மிகத் தெளிந்தவள்’ என்றே அழைத்துக்கொண்டது. ஜெர்மானியச் சிற்றரசர்களுக்கும் இதே பட்டம் இருந்தது. ஊதுகருவிக் குழுக்களை வைத்து ஊட்டி வளர்த்தவர்கள் பெரும்பாலும் இந்தத் ‘தெளிந்த’ பிரபுக்கள்தாம் என்பது ஒரு வேடிக்கையான தற்செயல்.

இத்தாலிய மொழியில் இது செரேனோ ஆயிற்று. ‘அல் செரேனோ’ என்றால் திறந்த வெளியில், கூரையில்லாமல். ஒருவன் அல் செரேனோ தூங்கினான் என்றால் வானமே கூரையாகக் கிடந்தான் என்று பொருள். இந்தச் செரேனோவிலிருந்து செரெனாட்டா பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அது வழக்கில் இருக்கிறது. அங்கிருந்து பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என்று பரவிற்று. ஆக, செரனேட் என்பது அடிப்படையில் வெட்டவெளி இசை. பெயரில் காதல் இல்லை. பொழுது பற்றியும் ஒரு குறிப்பு இல்லை. இருப்பது வானம் மட்டும்.

ஆனால் சொல்லுக்கு ஒரு மாற்றாந்தாய் வாய்த்தாள். இத்தாலிய மொழியில் மாலைக்குச் சேரா என்று பெயர். அது முற்றிலும் வேறு வேர்: ‘பிந்திய’ என்று பொருள்படும் இலத்தீன் சேருஸ். செரெனாட்டாவை மாலையில் பாடினார்கள்; சொல்லும் சேராவைப்போல ஒலித்தது. கேட்டவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் இதைப் பிழை என்று தள்ளலாம். எனக்கு அவ்வளவு கறாராக இருக்க மனம் வரவில்லை. ஒரு சொல்லைப் பயன்படுத்துபவர்கள் நூறு ஆண்டுகள் ஒரே பிழையைச் செய்தால் அந்தப் பிழையும் சொல்லின் பொருளில் பாதிதான்.

இந்தக் கலப்பு இசைக்கு வெளியேயும் நடந்திருக்கிறது. பிரெஞ்சு மொழியில் செரேன் என்று ஒரு சொல் உண்டு: சூரியன் மறைந்தபின் மேகமே இல்லாத வானத்திலிருந்து இறங்கும் ஈரம். அது மாலையின் வேரிலிருந்து வந்தது. ஆனால் உருவத்திலும் ஒலியிலும் தெளிவின் வேரோடு ஒட்டிக்கொண்டது. ஸ்பானிய மொழியில் செரேனோ என்றால் இரவுப் பனி. இரவுக் காவல்காரனுக்கும் அதுவே பெயர். கையில் விளக்கும் இடுப்பில் சாவிக்கொத்துமாகத் தெருவில் சுற்றிவந்த அவர், மணியையும் வானிலையையும் சேர்த்துக் கூவுவார்: மணி பன்னிரண்டு, வானம் தெளிவு. அந்தத் ‘தெளிவு’ என்ற கூவலே அவர் பெயராகிவிட்டது. ஸ்பெயினில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரைகூட இந்தக் காவல்காரர்கள் இருந்தார்கள்.

காவல்காரனும் செரனேடும் ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள் என்பது தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, ஹைன்ரிஷ் பீபர் என்ற வயலின் மேதை இருவரையும் ஒரே படைப்பில் சந்திக்க வைத்தார். 1673இல் அவர் எழுதிய செரனாடாவில் கம்பிக் கருவிகள் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் மீட்டத் தொடங்குகிறார்கள். அதற்கு நடுவே கட்டைக்குரலில் இரவுக் காவல்காரன் வந்து மணி சொல்லிப் பாடிப் போகிறான். வயலினைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கித்தார்போல மீட்டுவது அன்றைய தெருவின் ஒலி. பீபர் பொஹீமியாவில் பிறந்தவர், மொராவியாவில் ஓர் இளவரச ஆயரிடம் வேலை பார்த்தவர். இருநூறு ஆண்டு கழித்துத் துவோர்ஷாக் எழுதப்போவதும் அதே மண்ணில்தான்.

வெட்டவெளியில் இரவில் வாசிக்கும் இசைக்கு ஐரோப்பியர்கள் வைத்த மற்றப் பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் அதே நிகழ்ச்சியை வேறொரு பக்கத்திலிருந்து பிடிக்கிறது. ஜெர்மானியர் ஷ்டெண்ட்ஹென் என்றார்கள். ‘நிற்றல்’ என்பதன் செல்லக் குறுக்கம் அது. செக் மொழியில் ஸஸ்தவெனீச்கோ. ‘நின்றுவிடு’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘ஒரு சின்ன நிறுத்தம்’ என்று சொல்லலாம். நடந்துபோகிற கூட்டம் ஒரு வாசலில் நின்று பாடிவிட்டுப் போவதை அப்படியே பிடித்துவைத்த பெயர். ஆஸ்திரியப் பகுதிகளில் கசாட்சியோன் என்ற பெயர் ஓடியது. அதன் மூலம் பற்றி ஏகப்பட்ட சண்டை. நம்பத்தக்க ஒரு விளக்கம், தெருவைக் குறிக்கும் ‘காஸ’ என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது என்பது. மாணவர் கும்பல் தெருத்தெருவாகப் பாடித் திரிவதற்கு ‘காஸாடிம் போவது’ என்று இலத்தீன் வால் ஒட்டிய ஒரு கொச்சைச் சொல்லே இருந்தது. வைகறையில் வாசித்தால் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஓபாட், விடியலின் வெண்மையிலிருந்து வந்த பெயர். ஆக வானம், நிற்றல், நிறுத்தம், தெரு, வெளுக்கும் கிழக்கு. இந்த இசைக்கு யாருமே அதன் ராகத்தையோ வடிவத்தையோ வைத்துப் பெயரிடவில்லை. எங்கே, எப்போது, எந்த நிலையில் நின்று வாசித்தார்கள் என்பதே பெயர். சொனாட்டா, சிம்பனி, ஃபியூக் போன்ற பெயர்களிலிருந்து செரனேட் இங்கேதான் பிரிகிறது.

மிக்கேல் பிரேடோரியுஸ் 1619இல் வெளியிட்ட இசைக் கலைக்களஞ்சியத்தில் செரெனாட்டாவை விளக்கும்போது, மாலையில் மூன்று நான்கு பேர் தெருவில் உலாவியபடி பாடுவதும் பெண்களைக் கவரப் பாடுவதும் என்றுதான் சொல்கிறார். அங்கே நடை இருக்கிறது. அந்த நடையை மறந்துவிடாதீர்கள். சொல்லின் பிற்கால வாழ்க்கைக்கு அதுதான் சாவி.

பதினெட்டாம் நூற்றாண்டு சால்ஸ்பர்க்கில் இந்த நடை ஒரு சடங்காகவே இருந்தது. பல்கலைக்கழக ஆண்டு ஆகஸ்டில் முடியும்போது மாணவர்கள் இசைக்குழுவோடு முதலில் பேராயரின் மிராபெல் மாளிகைக்குப் போவார்கள். அங்கே வாசித்துவிட்டுப் பேராசிரியர்களுக்காகப் பல்கலைக்கழகம் திரும்புவார்கள். போகவர ஓர் அணிநடை வேண்டும். இப்படி எழுதப்பட்ட செரனேடுகளில் அணிநடை தனித் தாளில், தனி எண்ணோடுகூட இருக்கும். 1776இல் ஹாஃப்னர் குடும்பத் திருமணத்துக்காக மொசார்ட் எழுதிய பெரிய செரனேடுக்கு இப்படி ஓர் அணிநடை உண்டு.

1782இல் அதே குடும்பத்துக்கு வேறொரு விசேஷம்; இன்னொரு செரனேட் கேட்டு வியன்னாவுக்கு அப்பாவின் கடிதம் வந்தது. மொசார்ட் அவசரமாக எழுதி அனுப்பினார். அடுத்த ஆண்டு கச்சேரிக்குச் சிம்பனி ஒன்று தேவைப்பட்டபோது அதையே திருப்பி வாங்கினார். என்ன செய்தார் தெரியுமா? அணிநடையை எடுத்தார், இரண்டு மினுயெட்டுகளில் ஒன்றை எடுத்தார், புல்லாங்குழலும் கிளாரினெட்டும் சேர்த்தார். அதுதான் இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படும் ஹாஃப்னர் சிம்பனி. செரனேடுக்கும் சிம்பனிக்கும் வித்தியாசம் என்ன என்று யாராவது கேட்டால் இதைவிடத் துல்லியமான விடை கிடையாது. நடந்து வருவதையும் நடந்து போவதையும் வெட்டினால் செரனேட் சிம்பனியாகிவிடும்.

மொசார்ட்டின் காலத்தில்தான் ஊதுகருவிகளும் செரனேடும் இறுகச் சேர்ந்தன. காரணம் நடைமுறை சார்ந்தது. தெருவில், முற்றத்தில், தோட்டத்தில் வயலினின் ஒலி கரைந்து போகும். ஓபோவும் ஹார்னும் சுவர் தாண்டிப் போகும். ஓபோ, பஸ்ஸூன் இரண்டும் நாகசுரச் சீவாளிபோல இரட்டை நாணல் பற்றி ஊதுபவை. வெட்டவெளிக்கு அஞ்சாத குரல். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசிக்கலாம். இரண்டாம் ஜோசப் மன்னர் 1782இல் வியன்னா அரசவைக்கென எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்: ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸ்ஸூன் என ஜோடி ஜோடியாக. இத்தகைய குழுவுக்கு ‘ஹார்மோனி’ என்று பெயர். பொஹீமியாவிலிருந்து வந்த கலைஞர்கள் இத்தகைய குழுக்களில் நிறைய இருந்தார்கள். பிரபுக்கள் போட்டிபோட்டுக்கொண்டு ஹார்மோனி வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் புதிய ஓபராப் பாட்டுகளை ஊதிக்காட்டுவது அவர்களுடைய அன்றாட வேலை. தன் ஓபராவைத் தானே ஹார்மோனிக்கு மாற்றி எழுதாவிட்டால் வேறொருவன் முந்திக்கொண்டு காசு பார்த்துவிடுவான் என்று மொசார்ட் 1782 ஜூலையில் அப்பாவுக்கு எழுதுகிறார். காப்புரிமை இல்லாத காலத்தின் கவலை.

அவர் எழுதிய இன்னொரு கடிதம் இந்தச் சொல்லின் வரலாற்றுக்கு ஒரு சிறு பொக்கிஷம். 1781 அக்டோபர் 15, புனித தெரேசா நாள். ஓவியர் ஹிக்கலின் உறவுப்பெண்ணுக்காக மொசார்ட் ஆறு ஊதுகருவிகளுக்கு ஒரு செரனேட் எழுதியிருந்தார்: ஈ-ஃபிளாட் மேஜரில், இரண்டு கிளாரினெட், இரண்டு ஹார்ன், இரண்டு பஸ்ஸூன். அன்றிரவு அதே படைப்பு மூன்று இடங்களில் வாசிக்கப்பட்டது. ஓரிடத்தில் முடிந்ததும் வாசித்தவர்களை அடுத்த இடத்துக்கு அழைத்துப் போய்த் தனிக்கூலி கொடுத்தார்களாம். வாசித்த ஆறு பேரும் ஏழை எளியவர்கள், ஆனால் கூட்டாக நன்றாகவே வாசிக்கிறார்கள் என்கிறார். பதினாறு நாள் கழித்து மொசார்ட்டின் சொந்தப் பெயர்நாள். இரவு பதினொரு மணி, உடை மாற்றப்போகிறார். முற்றத்தில் அந்த ஆறு பேரும் வந்து நின்று, அவருடைய படைப்பின் முதல் ஈ-ஃபிளாட் ஒலியையே அவருக்குக் காணிக்கையாக எழுப்புகிறார்கள். எழுதியவனுக்கே அவன் எழுதிய செரனேட்! வானம், தெரு, நிற்றல், இரவு, கூலி என்று இந்தச் சொல்லின் எல்லாப் பொருள்களும் அந்த ஒரு முற்றத்தில் கூடி நிற்கின்றன. பிறகு இப்படி ஒரு தருணம் இந்தச் சொல்லுக்கு வாய்த்ததாகத் தெரியவில்லை.

மொசார்ட் தன் வீட்டுப் பேச்சில் இதை ‘நாஹ்ட்மூசிக்’ என்பார்; இரவிசை என்று நேரே சொல்லிவிடும் ஜெர்மன். 1787 ஆகஸ்டில் தன் படைப்புப் பட்டியலில் ‘ஒரு சின்ன இரவிசை’ என்று குறித்துவைத்தது வெறும் வகைப்பெயர். உலகம் அதையே தனிப்பெயராக்கிக் கொண்டது. 1782 ஜூலையில் அவசரத்தில் எழுதிய இன்னொரு நாஹ்ட்மூசிக்கைப் பற்றி அப்பாவிடம் ஒரே வரியில், ஹார்மோனிக்கு மட்டும்தான் என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்லிவிட்டுப் போகிறார். அதுவே சி மைனர் செரனேட் என்று பலரும் கருதுகிறார்கள். எட்டு ஊதுகருவிகள், நான்கு பகுதிகள், அணிநடை கிடையாது, மினுயெட்டில் ஒரு குரல் பாடுவதை மற்றக் குரல் தலைகீழாகத் திருப்பிப் பாடும் கானன். சாப்பாட்டு மேசைக்கோ தோட்டத்துக்கோ இது எதற்கு? தெளிந்த வானம் என்று பெயர் வைத்துவிட்டு இடிமேகத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். பின்னாளில் அவரே இதைக் கம்பிக் கருவி ஐவர் குழுவுக்கு மாற்றி எழுதியபோது செரனேட் என்ற பெயர் கழன்றுவிட்டது. படைப்புக்கு ஒரு குறையும் வரவில்லை. பெயருக்கும் பொருளுக்கும் இடையில் விரிசல் விழுந்தது இங்கேதான்.

‘கிரான் பார்ட்டிட்டா’ என்று பெயர்பெற்ற அவருடைய பதின்மூன்று கருவிப் படைப்பின் கையெழுத்துப் பிரதியில் இருக்கும் அந்தத் தலைப்பு மொசார்ட்டின் கையெழுத்தே அல்ல. வேறு யாரோ எழுதியது, எழுத்துப் பிழையோடு. செரனேட், பார்ட்டிட்டா, நாஹ்ட்மூசிக் எல்லாம் ஒரே அலமாரியில் அடுக்கக்கூடிய சரக்குகளாகத்தான் அன்றைக்கு இருந்தன. பெத்தோவன் 1792 வாக்கில் எட்டு ஊதுகருவிகளுக்கு எழுதிய படைப்புக்குத் தானே இட்ட பெயர் ‘பார்த்தியா’. அவர் இறந்தபின் 1830இல் அச்சேறும்போது அது ‘ஆக்டெட்’ ஆகிவிட்டது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் தோட்டத்துப் பெயர் போய்த் தலைக்கணக்குப் பெயர் வந்துவிட்டது. நெப்போலியப் போர்களும் பணவீக்கமும் பிரபுக்களின் கருவூலத்தைக் காலிசெய்ததில் ஹார்மோனிக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. வேலை போனதும் வேலையின் பெயரும் போயிற்று.

அதே பெத்தோவனின் எட்டாம் எண் படைப்பு, 1797இல் வந்த கம்பிக் கருவி மூவர் செரனேட், நம் கதைக்கு முக்கியமானது. வயலின், வியோலா, செல்லோ. செல்லோவை இடுக்கிக்கொண்டு யாரும் தெருவில் நடக்க முடியாது. இது அறைக்குள் நாற்காலிபோட்டு வாசிக்க வேண்டிய இசை. ஆனாலும் முதலில் ஓர் அணிநடை. நடுவில் பல பகுதிகள். கடைசியில் அதே அணிநடை அப்படியே திரும்ப. வந்தார்கள், வாசித்தார்கள், போனார்கள். கால்களை வீட்டிலேயே விட்டுவிட்டு நடையை மட்டும் இசையில் எழுதிவிட்டார் பெத்தோவன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொல் இரண்டாகப் பிளந்தது. ஒரு கிளை பாட்டுக்குப் போயிற்று. மொசார்ட்டே தொடங்கிவைத்தார்: 1787 அக்டோபரில் பிராகில் அரங்கேறிய ‘தோன் ஜொவான்னி’யில் நாயகன் மாண்டலினோடு சாளரத்தடியில் பாடுகிறான். அதே ஓபராவின் கடைசி விருந்தில் மேடையிலேயே ஒரு ஹார்மோனிக் குழு பிரபல ஓபராப் பாட்டுகளை ஊதுகிறது. அதில் ஒன்று மொசார்ட்டின் சொந்தப் பாட்டு. சாளரச் செரனேடும் சாப்பாட்டு ஹார்மோனியும் ஒரே இரவில், ஒரே மேடையில், அடுத்தடுத்து. ரொசினியின் ‘செவில் நகர் நாவிதன்’ தொடங்குவதே ஒரு கூலிச் செரனேடில்தான். பாட்டு முடிந்து பிரபு தாராளமாகக் காசு கொடுத்ததும் வாத்தியக்காரர்கள் நன்றி சொல்கிறோம் என்று ஊரையே எழுப்பிவிடும் கூச்சல், ஓபராவின் தலைசிறந்த நகைச்சுவைகளில் ஒன்று. ஷூபர்ட்டின் ‘ஷ்டெண்ட்ஹென்’ பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்று செரனேட் என்றதும் நிலவும் சாளரமும் தோன்றுவது இந்தக் கிளையால்தான்.

மற்றக் கிளை கச்சேரி மண்டபத்துக்குள் போயிற்று. அங்கே செரனேட் என்பது ஒரு சலுகைச் சீட்டு. பெத்தோவனுக்குப் பிறகு சிம்பனி எழுதுவது என்றால் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைப்பதுபோல ஆகிவிட்டது. 1850களின் கடைசியில் இளம் பிராம்ஸ் சிம்பனிக்கு அஞ்சிக்கொண்டிருந்தார். முதல் செரனேடைச் சிறு குழுவுக்குத் தொடங்கி, பெரிய வாத்தியக் குழுவுக்கு வளர்த்து, சிம்பனி என்றே அழைத்துவிடலாமா என்று தடுமாறி, கடைசியில் செரனேட் என்ற பெயருக்கே திரும்பினார். இரண்டாவதில் வயலினே கிடையாது. ஊதுகருவிகள் முன்னே, வியோலாவும் செல்லோவும் டபுள் பாஸும் பின்னே. முதல் சிம்பனி வெளியே வர 1876 ஆயிற்று. செரனேட் என்று முகப்பில் எழுதிவிட்டால் விமர்சகர்கள் பெத்தோவனின் அளவுகோலை எடுக்க மாட்டார்கள். ‘இது பெரிய விஷயமில்லை’ என்று பெயரே முன்கூட்டிச் சொல்லிவிடும். தெளிந்த வானம் என்ற பொருள் உதிர்ந்து ‘பாரமில்லாதது’ என்பது மட்டும் எஞ்சியது.

துவோர்ஷாக் அந்தச் சலுகைக்காக மட்டும் இந்தப் பெயரை எடுத்திருக்க வேண்டியதில்லை. 1878க்குள் அவர் ஐந்து சிம்பனிகள் எழுதியிருந்தார். கம்பிக் கருவிகளுக்கு ஒரு செரனேடும் 1875லேயே எழுதியாயிற்று. பதினெட்டு வயதிலிருந்து வாத்தியக் குழுக்களில் வியோலா வாசித்து, பிராகின் தற்காலிகத் தேசிய அரங்கக் குழுவில் 1871வரை உட்கார்ந்திருந்தவர். ஊதுகருவிக்காரர்களின் மூச்சை அருகிலிருந்து கேட்டவர். 1877இன் ஆகஸ்டும் செப்டம்பரும் அவர் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு குழந்தைகளைப் பறித்துக்கொண்டன. நவம்பரில் ‘ஸ்டாபாட் மாட்டெர்’ துயரப் பெரும்பாடலை முடித்தார். அதே மாதங்களில்தான் பிராம்ஸ் அவரைப் பெர்லின் பதிப்பாளர் சிம்ராக்கிடம் பரிந்துரைத்தார். ஜனவரியில் இந்தச் செரனேட். டி மைனர் என்பதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் துக்கத்தில் கொண்டுபோய்க் கட்டுபவர்கள் உண்டு. அந்த அணிநடையில் இருக்கும் குறும்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கோட்டும் தொப்பியும் அணிந்த சிற்றூர் வாத்தியக்காரர்கள் கம்பீரமாக நடக்க முயல்வதைச் சற்றே சிரித்தபடி வரைந்த மாதிரி இருக்கிறது. குறிப்பில் அவர் எழுதிய ‘மாதிரி’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இது அணிநடை அல்ல, அணிநடை மாதிரி. செல்லோவும் டபுள் பாஸும் உட்கார்ந்திருக்க, கூட்டம் எங்கே நடப்பது?

அந்த இரண்டு கம்பிக் கருவிகளும் சும்மா இல்லை. ஊதுகருவிக்காரர் மூச்சு வாங்க வேண்டும். கீழ்க்குரலில் நீண்ட அடித்தளம் ஒன்று அறுபடாமல் ஓட வேண்டுமானால் வில் வேண்டும். மூன்றாவது பகுதியை ஒருமுறை இந்தக் காதோடு கேளுங்கள். மேலே கிளாரினெட் ஒரு நீண்ட வரியைப் பாட, ஓபோ அதை வாங்கிக்கொள்கிறது. நடுவே ஹார்ன்கள் தாளத்துக்குச் சற்றுத் தள்ளித் துடித்துக்கொண்டே இருக்கின்றன. அடியில் செல்லோவும் பாஸும் நிதானமாகப் படியிறங்குகின்றன. மொசார்ட்டின் பதின்மூன்று கருவிப் படைப்பில் புகழ்பெற்ற மெதுவான பகுதியும் இதே கட்டுமானம்தான்: நடுவே துடிப்பு, மேலே கைமாறும் பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் துவோர்ஷாக் யாருக்கு வணக்கம் சொல்கிறார் என்பது விளங்கும். இரண்டாம் பகுதிக்கு மினுயெட் என்று பட்டம். உள்ளே இருப்பது செக் கிராமத்து நிதானமான ஜோடி நடனம். நடுவில் திடீரென ஃபுரியாண்ட் என்ற துள்ளாட்டம், மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டிருந்த காதை இரண்டு இரண்டாக ஏமாற்றும். வியன்னாப் பெயர்ப்பலகை வைத்த பொஹீமியக் கடை.

கடைசிப் பகுதி வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது, முடிவை நெருங்கும் நேரத்தில் முதல் பகுதியின் அணிநடை திரும்ப வருகிறது. பிறகு டி மேஜருக்குத் தாவி, ஹார்ன்கள் முழங்க முடிகிறது. தொடக்கக் கருத்தை முடிவில் கொண்டுவருவது அன்றைக்குச் சிம்பனிகளிலும் சகஜம் என்று சொல்லலாம், சரிதான். ஆனால் இங்கே திரும்பி வருவது ஓர் அணிநடை; முகப்பில் இருப்பது செரனேட் என்ற பெயர். சால்ஸ்பர்க் மாணவர் கூட்டமும், பெத்தோவனின் மூவரும் செய்தது இதையேதான். செக் மொழியில் கைக்கெட்டும் தூரத்தில் ஸஸ்தவெனீச்கோ என்ற நாட்டுச் சொல் இருந்தும் அவர் அதை எடுக்கவில்லை. அது பாட்டுக் கிளைக்குரியது, சாளரத்துக்குரியது. அவருக்கு வேண்டியது மற்றச் செரனேட்: காதலி இல்லாதது, நடந்து வந்து நடந்து போவது. என் கணிப்பில், அந்தப் பெயரை அதன் பழைய பொருளில் அறிந்து வைத்தவர்களில் அவரும் ஒருவர். மொசார்ட் எதை வெட்டிச் சிம்பனி ஆக்கினாரோ அதை இவர் மீண்டும் ஒட்டிச் செரனேட் ஆக்கினார்.

1878 நவம்பர் 17 அன்று பிராகில் துவோர்ஷாக்கே நடத்த, அரங்கக் குழுவின் கலைஞர்கள் இதை முதன்முறையாக வாசித்தார்கள். இரண்டு நாள் முன்புதான், 15ஆம் தேதி, லூயி ஏலர்ட் என்ற விமர்சகர் பெர்லின் நாளிதழ் ஒன்றில் துவோர்ஷாக்கின் ஸ்லாவ் நடனங்களையும் மொராவிய இருகுரல் பாடல்களையும் வானளாவப் புகழ்ந்து எழுதியிருந்தார். பெர்லின் இசைக் கடைகளில் கூட்டம் மோதியது, பெயர் ஒரே நாளில் ஐரோப்பாவுக்குத் தெரிந்தது. சிம்ராக் 1879இல் செரனேடை வெளியிட்டபோது அது ஏலர்ட்டுக்கே காணிக்கையாயிற்று. ஒருவரைச் சிறப்பிக்க அவர் வாசலில் நின்று வாசிப்பதுதானே செரனேட். நடக்க முடியாத குழு அச்சுத்தாள் வழியே அவர் வாசலுக்குப் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டே பிராம்ஸ் தன் நண்பர் யோவாகிமிடம் இந்தப் படைப்பை மனமாரப் பாராட்டி, அவசியம் பார்க்கச் சொன்னார்.

பின்வந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினேழு வயது ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1881இல் பதின்மூன்று ஊதுகருவிகளுக்கு ஈ-ஃபிளாட்டில் ஒரு செரனேட் எழுதினார். ஒரே பகுதி, பத்து நிமிடம். இனிமைக்குக் குறைவில்லை, ஆனால் நடையும் இல்லை தெருவும் இல்லை. அதைக் கேட்டு மகிழ்ந்த இசை நடத்துநர் ஹான்ஸ் ஃபான் பியூலோ அதே குழுவுக்கு இன்னொன்று கேட்க, அதற்குச் ‘சூட்’ என்று பெயர் வந்தது. பாரிஸில் புல்லாங்குழல் மேதை போல் டாஃபனெல் நடத்திய ஊதுகருவிச் சங்கத்துக்காகச் சார்ல் கூனோ 1885இல் ஒன்பது பேருக்கு எழுதியபோது அவர் செரனேட் என்ற சொல்லையே தொடவில்லை. ‘சின்னச் சிம்பனி’ என்றார். அதே வகையான குழு, அதே அளவு, அதே இனிமை. பெயர் மட்டும் மண்டபத்துக்குள்ளேயே பிறந்தது. பெரிய பெயரை எடுத்துச் ‘சின்ன’ என்று அடைமொழி கொடுப்பதும், சின்னப் பெயரை எடுத்து அதற்குள் பெரிய காரியம் செய்வதும் அடக்கத்தின் இரண்டு வகைகள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

துவோர்ஷாக் பிடித்துவைத்த நூல் அவரோடு அறுந்துபோகவுமில்லை. 1920க்கும் 1923க்கும் இடையில் ஆர்னால்ட் ஷோன்பெர்க் ஒரு செரனேட் எழுதினார். சுருதி மையம் என்ற பழைய கூரையையே பிரித்துப்போட்டுவிட்டுப் பன்னிரண்டு சுர முறைக்கு வழி தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அதில் இரண்டு கிளாரினெட் வகைகள் ஊதுகின்றன. தெருக்காதலனின் மாண்டலினும் கித்தாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கட்டைக்குரல் ஒருவர் நடுவே எழுந்து ஒரு பாட்டுப் பாடுகிறார். முதல் பகுதிக்குத் தலைப்பு அணிநடை. கடைசிப் பகுதியில் அந்த அணிநடை திரும்ப வருகிறது.